மாலைதீவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காசு?

அக்கா, இன்டர்நெட் வழியாகக் கதைக்கும் செயலியில் கனடாத் தம்பியின் நம்பருக்கு எடுத்து மணிக்கணக்கில் கதைத்தாலும் காசு கரைவதில்லை, மாலைதீவில் இருக்கும் கணவரின் நம்பருக்கு எடுத்தால் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தூரம் காரணமில்லை, மாலைதீவு நமக்குப் பக்கம்தானே. திருகோணமலை உப்புவெளியில் நீங்கள் சொல்லும் ‘ஹலோ’ இன்டர்நெட்டில் போய், கடைசியில் அந்த நாட்டு போன் கம்பனிக்குள் ஏறித்தான் அவருடைய போன் அடிக்கிறது. அந்தக் கடைசித் துண்டுக்கு அந்தக் கம்பனி நிமிடக் கணக்கில் பணம் கேட்கும். கனடாவில் அது மிகக் குறைவு. மாலைதீவில் பெரிய கம்பனிகள் இரண்டே இரண்டு, அதனால் அங்கே அந்தக் காசு அதிகம். லண்டனில் இருந்து அண்ணா 026 என்று தொடங்கும் எங்கள் திருகோணமலை வீட்டு நம்பருக்கு எடுத்தாலும் இதே கதைதான்.

அவரையும் அதே செயலியைப் போடச் சொல்லுங்கள். நம்பருக்கு எடுக்காமல் செயலிக்கே எடுத்தால் டேட்டா மட்டும்தான் போகும். அவர் தங்குமிடத்தில் வைஃபை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் அக்கா.