தொகுதிக் குறைப்பில் யார் எப்படி வாக்களித்தார்? – கேள்வி பதில்

கேள்வி (திருவட்டாறு): எங்கள் சட்டமன்றத் தொகுதியை நீக்குவதற்கு ஆதரவாக வாக்களித்தவர்கள் யார்?

பதில்: எவரும் இல்லை, அது எந்த அவையிலும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம், 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டங்களுக்கு இடங்களைப் பங்கிட்டபோது, மாநிலத்தின் 234 இடங்கள் மாறாதிருக்க, குமரி மாவட்டத்தின் 7 தொகுதிகள் 6 ஆயின; நீங்கியது திருவட்டாறு. மாநிலத்திலிருந்து 5 மக்களவை உறுப்பினர்களும் 5 சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக இருந்தார்கள் என்றாலும், கருத்துச் சொல்லலாமே தவிர, வாக்களிக்கவோ முடிவில் கையொப்பமிடவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆணையத்தின் உத்தரவு அவையின் முன் வைக்கப்படும். அதில் ஒரு சொல்லைக்கூட அவை திருத்த முடியாது.

கேள்வி (தக்கலை): 1986-இல் தமிழகச் சட்ட மேலவையை ஒழித்தபோது நம் மாவட்ட உறுப்பினர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்?

பதில்: அது வாக்கெடுப்பால் நடந்ததுதான். அரசமைப்பின் 169-ஆம் பிரிவுப்படி, பேரவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். எம்.ஜி.ஆர். அரசு 1986 மே மாதம் தீர்மானம் கொண்டுவந்தது. குமரி தமிழகத்தோடு இணைந்த 30-ஆம் ஆண்டு நிறைவு நாளான 1986 நவம்பர் 1 அன்று மேலவை இல்லாமற் போயிற்று. ஆனால், கட்சி சொன்னபடி வாக்களிக்க வைக்கும் கொறடாவின் கட்டளையை மீறினால் பதவியே பறிபோகும் என்ற கட்சித்தாவல் தடைச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டதால், அந்த வாக்கில் தனிமனிதரின் மனத்தைத் தேடாதீர்கள். கட்சியின் முடிவையே காண்பீர்கள்.

கேள்வி (குளச்சல்): ஒருவரின் வாக்குப் பதிவை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குரல் வாக்கெடுப்பா, வாக்குகளை எண்ணிக் கணித்ததா என்று முதலில் பாருங்கள். குரல் வாக்கெடுப்பில் எவர் பெயரும் பதிவாகாது.

கேள்வி (தோவாளை): திருவட்டாறு நீக்கத்தில் எங்கள் உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தாரா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): சட்டமன்ற உறுப்பினரின் ஓய்வூதியம் எவ்வளவு?

பதில்: சட்டமன்றச் செயலகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): வாக்கெடுப்பே இல்லை என்று சொல்லி அரசியல்வாதிகளைத் தப்பவிடுகிறீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்ட மாவட்டத்துக்கு இது தண்டனை இல்லையா?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கால் தமிழகத்தின் மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 41-இலிருந்து 39 ஆகக் குறைந்தன. பின்னர் 1976-இல் அரசமைப்பின் 42-ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை உறைய வைத்தது; 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் காப்பு மாநிலத்துக்கே உரியது. மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்திடம் இடம் இழப்பதை அது தடுக்கவில்லை. 1991 கணக்குக்குப் பதிலாக 2001 கணக்கைக் கொண்டு எல்லை வகுக்கச் சொன்னது 2003-ஆம் ஆண்டின் 87-ஆவது திருத்தம்.

கேள்வி (அதே வாசகர்): அந்தத் திருத்தத்துக்காவது வாக்கெடுப்பு நடந்ததா?

பதில்: நடந்தது. அரசமைப்புத் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற முடியாது. ஒவ்வொரு அவையிலும் எண்ணியே தீர வேண்டும். தொகுதியைப் பறிகொடுத்தவர்கள் அன்றைய நாகர்கோவில் மக்களவை உறுப்பினரின் பெயரைத் தேட வேண்டிய இடம் 2003-ஆம் ஆண்டின் மக்களவை நடவடிக்கைக் குறிப்புகள்.