மூளை நோய் ஆராய்ச்சிக்கு ஏன் குரங்குகள்? எலி போதாதா?

பார்க்கின்சன் (உடல் அசைவு குன்றும் நோய்), அல்சைமர் (நினைவு மங்கும் நோய்) போன்றவற்றை ஆராயக் குரங்குகளைப் பயன்படுத்தலாமா என்பதுதான் சர்ச்சை.

பல ஆய்வுகளுக்கு எலியே போதும். ஆனால் திட்டமிடுவது, விரல்களை நுணுக்கமாக அசைப்பது போன்றவற்றுக்கான மூளைப் பகுதிகள் எலியில் மிக எளியவை. சைக்கிள் பழுதுபார்த்துப் பழகியவர் நேராகக் காரின் கியர்பாக்ஸில் கைவைப்பது போல: இரண்டும் வண்டிதான், உள்ளே இருப்பது வேறு.

1982-இல் கலிஃபோர்னியாவில், கலப்படப் போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சிலர் திடீரெனப் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உடல் விறைத்து, பேச்சின்றி உறைந்துபோனார்கள். காரணம் எம்பிடிபி என்ற வேதிப்பொருள். எலிகளை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. குரங்குகளுக்கு அதே விறைப்பு வந்தது. அப்படிப்பட்ட குரங்குகளின் மூளையில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்ததும் அசைவு திரும்பியதாக 1990-இல் ஆய்வு வெளியானது. இன்று பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அசைவைச் சீராக்க மூளையில் மின்முனை பொருத்தும் முக்கிய இடங்களில் அது ஒன்று.

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வலியை உணரும், கூட்டமாக வாழும் உயிருக்கு வேண்டுமென்றே நோயை வரவழைக்கிறோம். கூண்டுத் தனிமையே அதன் மூளையைப் பாதிக்கும். அல்சைமர் விஷயத்தில் இவர்கள் பக்கம் வலு அதிகம் என்பேன்: வயதான குரங்கின் மூளையில், அல்சைமரில் காணப்படும் அமிலாய்டு என்ற புரதம் படிந்தாலும், மனிதருக்கு வருவதுபோல நோய் முழுதாக முற்றுவதில்லை.

பலர் நினைப்பதுபோல இதற்குச் சிம்பன்சிகளைப் பயன்படுத்துவதில்லை, பெரும்பாலும் மக்காக், மார்மோசெட் குரங்குகள்தான். சிம்பன்சி ஆய்வுகளுக்கான ஆதரவை நிறுத்துவதாக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2015-இலேயே அறிவித்துவிட்டது.