மாலையில் மட்டும் ஓடும் கேஸ் மின்நிலையம் ஊருக்குப் பக்கத்தில் வந்தால்

கேள்வி: ராணிப்பேட்டையை அடுத்த கிராமத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, மூன்று மாடுகள். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் எரிவாயு மின்நிலையம் வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. எப்போதும் ஓடாது, கரண்ட் தேவை கூடும் நேரத்தில் மட்டும்தான் ஓடும், புகையே வராது என்கிறார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டதைக் கண்ணால் பார்த்த ஊர் எங்களுடையது. இதை நம்பலாமா? நிலத்தை இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: பேச்சை நம்பி நிலத்தை விற்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் வீண் பயமும் இல்லை. பாலாற்றங்கரைத் தோல் கழிவை எதிர்த்து வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வாங்கினார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், சேதம் வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அந்த வழக்கில்தான். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மிக மோசமாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலிலும் வேலூர் - வட ஆற்காடு இருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இருப்பவர்கள் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் கேஸ் மின்நிலையத்தின் தொல்லை வேறு வகை. தோல் பதனிடும் ரசாயனமான குரோமியத்தை இதில் தேடினால் கிடைக்காது. பார்க்க வேண்டியவை மூன்று: சத்தம், ஓடும் மணிநேரம், பிற்பாடு தண்ணீர்.

இப்படி ஒரு நிலையம் எதற்கு? தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அது இறங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் சேர்ந்து ஓடும். நிலக்கரி நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பப் பல மணி நேரம் ஆகும். கேஸ் டர்பைன் 10 முதல் 30 நிமிடத்தில் முழு வேகத்துக்கு வந்துவிடும். சென்னை பேசின் பிரிட்ஜில் இருக்கும் 120 மெகாவாட் நிலையம் இந்த வகைதான். கோவை மாவட்டத்துக் காடம்பாறையும் இதே வேலையைத் தண்ணீரை வைத்துச் செய்கிறது: தேவை குறைவான நேரத்தில் மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். இன்று பேட்டரியும் போட்டிக்கு வந்துவிட்டது. உங்கள் பக்கம் ஏன் என்று கேட்டால், திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணைமின்நிலையம் இருக்கிறது. மின்சாரத்தை வெளியே கொண்டுபோகக் கம்பி வழி உள்ள இடத்தைத்தான் இந்தத் துறையில் முதலில் தேடுவார்கள்.

எந்திரத்தின் வேலை எளிது. காற்றை உள்ளே இழுத்து அழுத்தி, அதில் எரிவாயுவை எரித்தால், விரியும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றும். அதோடு ஜெனரேட்டரும் சுழலும். வெளியேறும் வாயு 500, 600 டிகிரி சூட்டில் சிம்னிக்குப் போகும். அந்தச் சூட்டை அப்படியே விட்டால் சிம்பிள் சைக்கிள். எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும். அதே சூட்டில் நீராவி தயாரித்து இன்னொரு டர்பைனை ஓட்டினால் கம்பைண்ட் சைக்கிள். பாதிக்கு மேல் தேறும். மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடுவதற்குப் பெரும்பாலும் முதல் வகையைத்தான் வைப்பார்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. டர்பைனின் திறனை 15 டிகிரி வெப்பத்தில் கணக்கிட்டுத்தான் எழுதுவார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குக் குறையாமல் இறங்கும். வேலூரின் மே மாத 42 டிகிரியில், 100 மெகாவாட் என்று எழுதிய எந்திரம் 85 பக்கம்தான் தரும். கரண்ட் அதிகம் தேவைப்படும் நாளில்தான் அது குறைவாகத் தருகிறது. இதைச் சரிக்கட்ட, உள்ளே போகும் காற்றை வீட்டு ஏர் கூலர் போல ஈரத்தில் குளிர்விப்பார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

புகையே வராது என்பது பாதி உண்மை. ராணிப்பேட்டை பெல் ஆலையில் நிலக்கரி நிலையங்களுக்கான சாம்பல் பிடிக்கும் எந்திரங்களைச் செய்கிறார்கள். கேஸ் நிலையத்துக்கு அது தேவையே இல்லை. சாம்பல் கிடையாது, கந்தகமும் மிகக் குறைவு. ஆனால் அந்தச் சூட்டில் காற்றில் உள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறும். கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, மூச்சுக்குழாயை உறுத்தும். கிளப்பும்போதும் குறைந்த சுமையில் ஓடும்போதும் எரிதல் சீராக இருக்காது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கார்பன் மோனாக்ஸைடும் அப்போது கூடும். நாள் முழுக்க ஓடும் நிலையத்தைவிட, தினம் நின்று நின்று கிளம்பும் நிலையத்துக்கு இது பெரிய விஷயம். ஆகவே வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதோடு, எத்தனை முறை கிளப்புவார்கள் என்றும் கேளுங்கள். கேஸ் கிடைக்காத நாளில் டீசலோ நாப்தாவோ (பெட்ரோல் போன்ற ஒரு திரவ எரிபொருள்) ஊற்றி ஓட்டுவார்களா என்பதையும் கேட்காமல் விடாதீர்கள். ஆம் என்றால் கரியும் கந்தகமும் எரிபொருள் தொட்டியும் கணக்கில் சேரும்.

சத்தத்துக்கு வருவோம். உங்களுக்கு இதுதான் முக்கியம் என்பேன். காற்றை இழுக்கும் வாயில், சிம்னி, குளிர்விக்கும் விசிறிகள், டிரான்ஸ்பார்மர் என்று நாலு பக்கமும் ஒலி கிளம்பும். தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. 100 மீட்டரில் 65 டெசிபல் என்றால் 200 மீட்டரில் 59, 400 மீட்டரில் 53. உங்கள் வீடு அரை கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 51. இப்போது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளைப் பாருங்கள்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 வரை. மாலைத் தேவை உச்சத்தில் இருப்பது ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை. அதாவது பத்து மணிக்கு நிறுத்திவிட்டால் அந்த 51 விதிக்குள் இருக்கும். பதினொன்று வரை ஓட்டினால் விதி மீறல். புழுக்கமான மே மாத இரவில் பத்து மணிக்கு மின்தேவை குறைந்துவிடாது என்பது உங்களுக்கும் தெரியும். 'தேவைப்படும்போது மட்டும்' என்ற வாய்ப்பேச்சை ஏற்காமல், இரவு பத்துக்கு மேல் ஓட்டினால் உங்கள் வீட்டு வாசலில் எத்தனை டெசிபல் என்று எழுத்தில் கேளுங்கள். ஆலையின் சுற்றுச்சுவரில் எடுத்த அளவைக் காட்டினால் போதாது.

இன்னொன்று. சிம்னியிலிருந்து வரும் உறுமல் தாழ்ந்த அலைவரிசை. காதுக்குக் கேட்கும் விதத்தில் கணக்கிடும் வழக்கமான டிபி(ஏ) டெசிபல் அளவீடு அதைக் குறைத்தே காட்டும். ஜன்னல் கதவு அதிரும், கருவியோ எல்லாம் சரி என்னும். தாழ்ந்த ஒலியையும் பிடிக்கும் டிபி(சி) அளவும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். காற்றடங்கிய இரவில் சத்தம் கூடுதல் தூரம் போகும் என்பதால் பகலில் மட்டும் அளந்த அறிக்கையை ஏற்காதீர்கள். மாடுகளைப் பொறுத்தவரை, ஒரே மாதிரி சத்தத்துக்குப் பழகிவிடும். குழாயில் அடைபட்ட வாயுவைத் திடீரென்று வெளியேற்றும்போது வரும் சீறலுக்கு மிரளும். அதற்குச் சைலன்சர் உண்டு.

தண்ணீர்: சிம்பிள் சைக்கிள் நிலையத்துக்கு நீராவியைக் குளிர்விக்கும் வேலை இல்லாததால் தேவை குறைவு. காற்றைக் குளிர்விக்க, எந்திரம் கழுவ, சில மாடல்களில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்கத் தெளிக்க, அவ்வளவுதான். ஆனால் சிம்பிள் சைக்கிளாக அனுமதி வாங்கி, பின்னாளில் கம்பைண்ட் சைக்கிளாக மாற்றுவது நடக்கக்கூடியதே. அப்போது குளிர்விப்புக் கோபுரம் வைத்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்; 100 மெகாவாட் என்றால் மணிக்கு ஒரு லட்சம் லிட்டர். பாலாறு இருக்கும் நிலையில் அது உங்கள் கிணற்றிலிருந்துதான் மறைமுகமாக வரும். திட்ட வரைபடத்தில் காலியிடம் விட்டிருந்தால் எதற்கென்று கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து, போர் போடுவார்களா என்பதும் அனுமதி ஆணையில் இடம்பெற வேண்டும்.

தீ பயம் பலருக்கும் இருக்கிறது. சமையல் சிலிண்டரின் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். இந்த எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். இலேசானது, வெட்டவெளியில் மேலே போய்விடும். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை, அடைத்த இடத்தில் சேர்ந்தால் வெடிக்கும். உங்களை நேராகத் தொடுவது ஆலையைவிட அதற்கு வரும் குழாயாகவே இருக்கலாம். 1962-ம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் போகும் பட்டையில் பயிர் வைக்கலாம், ஆனால் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ கூடாது. நில மதிப்பில் 10 சதவீதமும் பயிர்ச் சேதத்துக்குத் தனியாகவும் தருவார்கள். அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் பிறகு பேசுவது கஷ்டம்.

சரி, இப்போது என்ன செய்வது? பேச்சாக இருக்கும்போதே கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உப்பு, குரோமியம் இரண்டையும் பார்த்து வையுங்கள். கோடையில் நீர்மட்டம் எவ்வளவு என்று தேதியோடு குறித்து வையுங்கள். இரவுச் சத்தத்தையும் இப்போதே அளந்து வைத்தால் நல்லது. எரிவாயு நிலையம் 500 மெகாவாட்டுக்குக் கீழே என்றால் பொதுவாக மாநில அளவிலான சுற்றுச்சூழல் ஆணையம் பார்க்கும். மாசடைந்த பகுதி என்று பட்டியலிட்ட இடத்துக்கு மிக அருகில் என்றால் மத்திய அளவில் பார்க்க வேண்டிவரும், எனவே உங்கள் இடம் அதில் வருமா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பதாக இருந்தால் 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டத்தில் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கேள்விகளை ஊர்ப் பெயரில் ஒரே மனுவாகக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று குறித்துத் தனித்தனியாகக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் கேட்கலாம்.