பதில்: 8,000 அடி மலைமுகட்டில் ஹெலிகாப்டர் ஹோவரில் (காற்றில் ஒரே இடத்தில்) ஏன் நிற்கவில்லை?

நீங்கள் கையேட்டில் பார்த்தது தரை விளைவுக்குள், அதாவது தரைக்கு மிக அருகில், ஹோவர் செய்வதற்கான எடை அட்டவணை. முகட்டுக்கு அது உதவாது. தரை விளைவுக்கு வெளியே என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். "எடை வரம்புக்குள்தான் இருந்தது, ஆனாலும் ரோட்டார் வேகம் விழுந்து கீழே அமுங்கியது" என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.

சமதளத்துக்குச் சில அடி மேலே நிற்கும்போது தரையே கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், குறைந்த திறன் போதும். ஏறக்குறைய ஒரு ரோட்டார் விட்டத்துக்கு மேலே போனால் அந்தச் சலுகை இல்லை. முகட்டில் பாதி ரோட்டார் பள்ளத்தின் மேல்தானே சுற்றுகிறது?

அப்புறம் வெயில். 8,000 அடியில் நியம வெப்பநிலை -1 டிகிரி. உங்களுக்கு இருந்தது 25. கூடுதல் 26 டிகிரிக்கு, டிகிரிக்குச் சுமார் 120 அடி வீதம் சேர்த்தால் அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் உயரம்) 11,100 அடியைத் தாண்டுகிறது. என்ஜினும் ரோட்டாரும் அந்த உயரத்தில் இருப்பது போலத்தான் வேலை செய்யும்.

சரிபார்க்க:

1. ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) 1013 ஹெக்டோபாஸ்கல் வைத்து அழுத்த உயரத்தைப் படியுங்கள், வெளி வெப்பநிலையையும் குறியுங்கள்.
2. அவற்றை வைத்துத் தரை விளைவுக்கு வெளியே என்ற அட்டவணையில் அதிகபட்ச எடையைப் பாருங்கள். மீதி எரிபொருளோடு உங்கள் எடை அதற்கு மேல் என்றால் அங்கே இறங்க வேண்டாம்.

ஒன்று மட்டும்: பல கையேடுகளில் அந்த எண்கள் காற்றில்லாத நிலைக்கும் நல்ல நிலையில் உள்ள என்ஜினுக்கும் உரியவை. பின்காற்றோ அடைத்த காற்று வடிகட்டியோ இருந்தால் அட்டவணை சரி என்றாலும் போதாது. ரோட்டார் வேகம் விழும்போது பயத்தில் கலெக்டிவை (ரோட்டார் இறக்கைகளின் கோணத்தை மாற்றும் நெம்புகோலை) மேலே இழுத்தால் இன்னும் வேகமாக விழும்.