டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடும்பத்தோடு குடியேறலாமா? அங்கே குற்றங்கள் அதிகமாமே?

கணவருக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை கிடைத்திருக்கிறது, கோயிலும் நம் காய்கறியும் பக்கத்திலேயே கிடைக்கும் என்று எல்லோரும் சாட்ஸ்வொர்த்தைக் கைகாட்டுகிறார்கள், ஆனால் செய்திகளைப் படித்தால் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் குடியிருக்கிறேன். தாராளமாக வரலாம். ஆனால் திருச்சியிலோ மதுரையிலோ இருந்ததுபோலவே இங்கும் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

முதலில் உங்களைப் பயமுறுத்திய எண்களைப் பார்த்துவிடுவோம். தென்னாப்பிரிக்காவில் 2022-23இல், ஓராண்டில் மட்டும், சுமார் 27,500 கொலைகள் நடந்தன. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு பதிவான கொலை வழக்குகள் 28,522. அங்கே 140 கோடிப் பேர், இங்கே 6 கோடிச் சொச்சம். பூசி மெழுக ஒன்றுமில்லை, பயங்கரம்தான். ஆனால் அந்தக் கொலைகள் நாடு முழுக்க ஒரே சீராகத் தூவப்பட்டவை அல்ல. காவல்துறை காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடும் கணக்கில் டர்பனை ஒட்டிய இனாண்டா, உம்லாசி போன்ற சில காவல் நிலையங்களின் பெயர்கள் மேல்வரிசையில் திரும்பத் திரும்ப வரும். காரணங்களில் முன்னால் நிற்பது வாய்த்தகராறு. அதுவும் வார இறுதியில், மது உள்ளே போன பிறகு. இறப்பவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். புதிதாக வரும் குடும்பம் கவலைப்பட வேண்டியது கொலைக் கணக்கைப் பார்த்து அல்ல, கொள்ளைக் கணக்கைப் பார்த்து.

அதிலும் இரண்டு வகை உண்டு, இங்கே தனித்தனியாகத்தான் எண்ணுகிறார்கள். ஆள் இல்லாத வீட்டை உடைத்துத் திருடுவது ஒன்று. வீட்டில் ஆள் இருக்கும்போதே ஆயுதத்தோடு நுழைவது மற்றொன்று. முதல் வகை மிக அதிகம். அதில் பலர் காப்பீட்டுக்கு வழக்கு எண் தேவைப்பட்டால் மட்டுமே நிலையத்துக்குப் போகிறார்கள். ஆகவே ஒரு நிலையத்தில் திருட்டு எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்றால், திருட்டே குறைந்தது என்று எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

சாட்ஸ்வொர்த் என்பதே ஒரே பேட்டை அல்ல. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, நகருக்குள் இருந்த இந்தியர்களைப் பெயர்த்தெடுத்து 1960களில் கொண்டுவந்து குவித்த இடம் இது. வெள்ளையர் பகுதிகளுக்கும் கறுப்பின மக்களின் உம்லாசிக்கும் நடுவே தடுப்புச் சுவர்போல வைத்தார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய நகராட்சி வீடுகள், எண் போட்ட யூனிட்டுகள். இன்று அதே சாட்ஸ்வொர்த்தில் சில்வர்கிளென் மேட்டில் மின்வேலி போட்ட மாடி வீடும் இருக்கிறது, மூலைக்கு மூலை போதைப்பொருள் விற்கும் தெருவும் இருக்கிறது. ‘சுகர்ஸ்’ என்று இங்கே சொல்லும் மலிவான ஹெராயின் கலவை 2000களின் நடுவில் இந்தப் பகுதிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் மீட்டர், செம்புக் கம்பி, கொடியில் காயும் துணி எல்லாம் காணாமல் போவதற்குப் பின்னால் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தால் உங்கள் அனுபவமே வேறாகிவிடும். எனவே பேட்டையின் பெயரைக் கேட்காதீர்கள், தெருவைக் கேளுங்கள்.

ஆபத்தான இடம் எது என்றால் இருட்டுச் சந்து என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அது உங்கள் வீட்டு வாசல் கேட். காரில் வந்து, கேட் திறக்கும் வரை நிற்கிற அரை நிமிடத்தில்தான் துப்பாக்கி நீட்டிக் காரைப் பறிக்கிறார்கள். எதிர்வீட்டு ஆன்டி (இங்கே அத்தையும் சித்தியும் எல்லோரும் ஆன்டிதான்) எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கறிவேப்பிலை எங்கே வாங்குவது என்பதை அல்ல, கேட்டுக்குள் காரை எப்படி ஏற்றுவது என்பதை. நேராக மூக்கை நுழைத்து நிற்கக் கூடாது. பின்னால் ஒரு வண்டி வந்து அடைத்தால் தீர்ந்தது. தெருவிலேயே, கேட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, கேட் முழுதாகத் திறந்த பிறகுதான் திருப்ப வேண்டும். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் வீட்டுக்கே போகாமல் நேராக ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மீறி யாராவது துப்பாக்கியோடு நின்றால் சாவியைக் கொடுத்துவிடுங்கள், கையைக் கண்ணில் படும்படி வையுங்கள், வாதாடாதீர்கள். பின் சீட்டில் குழந்தை இருந்தால் அதை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்.

கடைத்தெருவில் வேறு தந்திரம். ரிமோட்டை அழுத்திப் பூட்டியதாக நினைத்து நடப்பீர்கள். பக்கத்தில் ஒருவன் அந்த அலையைத் தடுத்திருப்பான், கார் பூட்டியே இருக்காது. கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் நகராதீர்கள்.

நகை பற்றிச் சொன்னால் கோபப்படுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசிச் சனிக்கும் கோயிலுக்குப் போகும் என் தோழிகள் பலர் தாலியை மஞ்சள் கயிற்றில்தான் கட்டிக்கொள்கிறார்கள். மாமியாரிடம் முன்பே பேசி வையுங்கள்.

காவல்துறைக்கு 10111, கைபேசியிலிருந்து 112. நடைமுறையில் முதலில் வந்து நிற்பது தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் வண்டிதான். இந்நாட்டில் வேலையில் இருக்கும் தனியார் காவலர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போலீசாரைவிடப் பல மடங்கு. தெருக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் உங்களைச் சேர்க்கச் சொல்வார்கள். சேருங்கள், ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில், முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறை சென்றதையொட்டிக் கலவரம் வெடித்து 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போலீஸ் கண்ணில் படவே இல்லை. இந்தியர் பகுதிகளில் ஆட்கள் தெருவை மறித்துக் காவல் நின்றார்கள். டர்பனின் இன்னொரு இந்தியர் பகுதியான பீனிக்ஸில் அது காவலாக மட்டும் நிற்கவில்லை. அங்கே கொல்லப்பட்ட 36 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். குரல்பதிவாகச் சுற்றிய வதந்திகள் செய்த வேலையும் அதில் உண்டு. ‘தெருவில் சந்தேகத்துக்குரிய கறுப்பின ஆள்’ என்று மட்டும் ஒரு செய்தி வந்தால் நான் அதை யாருக்கும் அனுப்புவதில்லை. அந்த ஆள் வேலை முடிந்து மினிபஸ் டாக்ஸிக்குப் போய்க்கொண்டிருப்பார். என்ன செய்தார் என்று சொல்லாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல.

வீட்டு விஷயம். முதல் ஆண்டு தனி வீடு வேண்டாம். உரிமையாளர் குடும்பம் முன்னால் இருக்க, அதே வளாகத்தின் பின்னால் தனியாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகள் இங்கே நிறைய உண்டு. ஒரே கேட், நாய் குரைத்தால் நாலு பேர் எழுவார்கள், பகலில் வீடு காலியாகக் கிடக்காது. பார்க்கப் போகும்போது ஒரு முறை இருட்டிய பிறகும் போங்கள். தெருவிளக்கு எரிகிறதா, மூலையில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மின்சாரம் போனாலும் கேட்டும் அலாரமும் பேட்டரியில் ஓடுமா என்று கேளுங்கள். பாதுகாப்பு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். சாவி கைக்கு வந்த பிறகு கேட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.