‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி’ பாட்டில் வரும் தோண்டி உடம்பா, என் வாழ்க்கையா?

எல்லாரும் “தோண்டி என்றால் உடம்பு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கோ பல வருஷம் அலைந்து வாங்கிய வேலை கையை விட்டுப் போன கதைதான் அதில் தெரிகிறது, இப்படி எடுத்துக்கொள்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காக உடம்பு என்ற பொருளைத் தள்ளிவிட வேண்டாம். அது பிறகு யாரோ ஒட்டவைத்தது இல்லை.

நந்த வனத்திலோர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தானொரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி

யார் எழுதியது என்று தெரியாமலே நாட்டுப்பாட்டு மாதிரி வாய்வழியாகப் புழங்குகிற நாலு வரி இது. உண்மையில் கடுவெளிச் சித்தர் பாடிய ‘ஆனந்தக் களிப்பு’ என்ற நீண்ட பாட்டில் ஒரு கண்ணி, அதாவது ஒரு செய்யுள். அந்தப் பாட்டின் பல்லவியே “பாபஞ்செய் யாதிரு மனமே” என்றுதான் தொடங்கும். ஆக, இது ஊருக்குச் சொன்ன உபதேசமாகத் தெரிந்தாலும், அவர் பேசுவது தன் மனத்தோடு. அதே பாட்டில் இன்னோரிடத்தில் “நீர்மேற் குமிழியிக் காயம்” என்று உடம்பைப் பெயர் சொல்லியே பாடுகிறார். நாலும் ஆறும் பத்து, பத்து மாதம் கருவறை, குயவன் படைத்தவன், ஆண்டி, கையில் ஒன்றும் இல்லாமல் வந்த உயிர். பூட்டும் சாவியும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

இதற்கு மேலே போகிறவர்களும் உண்டு. நாலு என்றால் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணம், ஆறு என்றால் யோகிகள் உடம்புக்குள் சொல்லும் ஆறு சக்கரங்களான ஆறாதாரம் என்று விரிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் ‘மாதமாய்’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறதே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது? ஒரு விளக்கம் பாட்டில் இருக்கிற சொல்லை அநாதையாக விட்டால் நான் அதைச் சந்தேகப்படுவேன்.

யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். தோண்டி என்பது கிணற்றில் நீர் இறைக்கிற பாத்திரம். ஆண்டி நிற்பது நந்தவனத்தில், அதாவது கோயிலுக்குப் பூக்கொடுக்கும் தோட்டத்தில். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டிக் கொடுத்ததைக் கைங்கரியம் என்று இன்றும் கொண்டாடுகிறோம். அந்த மாதிரி இடத்தில் தோண்டி எதற்கு? செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான். பாட்டில் தண்ணீர் என்ற சொல்லே கிடையாது. செடி வாடியது என்றும் இல்லை. ஆனாலும் பானை போனதை விட, தோட்டத்துக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. உடம்பு ஒருநாள் உடையும், அது தெரிந்த சேதி. இறைக்கும் முன்பே உடைந்தது என்பதில்தான் குத்தல் இருக்கிறது. சித்தர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் நந்தவனமும் தோண்டியும் ஒரே பாட்டில் சும்மா வந்து சேர்ந்தன என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

என் சித்திக்கு இந்தப் பாட்டே ஆகாது. பிறந்த சில நாளில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவர். வீட்டில் பிள்ளைகள் யாராவது இதை ராகம் போட்டு இழுத்தால், “வேற பாட்டே கிடைக்கலையாடா?” என்று எழுந்து போய்விடுவார். அவர் காதில் பத்து மாதம் வேண்டியவர் அவரேதான். அந்த வாசிப்பைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? நாலாறு மாதம் என்ற சொல் அவரைத்தான் முதலில் தொடும். ஆனால் கடைசி வரி அவருக்கு உரியதில்லை. அவர் கூத்தாடவுமில்லை, போட்டு உடைக்கவுமில்லை. இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். “அப்ப அந்த வரிய மட்டும் விட்டுட்டுப் பாடச் சொல்லு” என்றார்.

ஒரு பாட்டில் நம்மைப் பார்க்கும்போது முழுப் பாட்டும் நம்மேல் பொருந்தியாக வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பொருந்துகிற வரி எது, பொருந்தாதது எது என்று பிரித்துப் பார்த்தால், பாட்டை விட நம் கதை தெளிவாகும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காத்திருந்ததும் கிடைத்ததும் அப்படியே பொருந்துகின்றன. வேலை எப்படிப் போனது என்று நீங்கள் எழுதவில்லை. கம்பெனி ஆளைக் குறைத்துப் போயிருந்தால் மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாலாவது வரியை உங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடைத்த குஷியில் நீங்கள் அலட்சியமாக இருந்ததால் போனது என்றால், அப்போது சித்தர் உங்களோடுதான் பேசுகிறார். அப்படியானால் பல்லவியோடு சேர்த்து முழுப் பாட்டையும் ஒருமுறை படியுங்கள். அவர் திட்டுவது முதலில் தன் மனத்தைத்தான் என்பதால், அவ்வளவு கசக்காது.