மூடிய சுரங்கம், மூடாத பிரச்சினை: வயல் மண்ணும் காட்மியமும்

சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, மழையில் மண் தானாகவே சுத்தமாகிவிடாதா?

ஆகாது. பல பூச்சிமருந்துகள் நாளாவட்டத்தில் சிதையும், உலோகம் சிதையாது. ஜப்பானின் தொயாமா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே கமியோகா சுரங்கத்தில் துத்தநாகம் எடுத்தார்கள், அந்தத் தாதுவோடு வந்த காட்மியம் என்ற நச்சு உலோகம் ஜின்சு ஆற்றில் இறங்கி, வாய்க்கால் வழியே நெல் வயல்களில் போய்ப் படிந்தது. அந்த அரிசியையே வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் ஒடிந்தன. இடாய் இடாய் நோய் என்பது இதுதான். காட்மியமே காரணம் என்று 1968இல் அரசு அறிவித்தது. வயல்களைச் சீர்செய்யும் வேலை 1979இல் தொடங்கி 2012 வரை இழுத்தது, 860 ஹெக்டேருக்கு மேல். கெட்ட மண்ணை அடியில் புதைத்து மேலே நல்ல மண்ணைப் பரப்பினார்கள், மந்திரம் ஒன்றுமில்லை.

இரண்டு வயல் மண்ணிலும் காட்மியம் ஒரே அளவு. ஒன்றில் விளைந்த அரிசியில் மட்டும் ஏன் அதிகம்?

எனக்குப் பிடித்த கேள்வி. மண்ணில் மொத்தம் எவ்வளவு என்பதைவிட, வேர் எடுக்கிற நிலையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விஷயம். தண்ணீர் நிற்கும் வயலில் ஆக்சிஜன் தீர்ந்து, கந்தகம் காட்மியத்தைப் பிடித்துக் கரையாமல் வைத்துக்கொள்ளும். வயலைக் காயவிட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும், பயிர் உறிஞ்சும். அதனால்தான் ஜப்பானில் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது தண்ணீருக்குச் சிக்கனம், காட்மியத்துக்கு ஆகாது. ஆனால் அதே மண்ணில் ஆர்சனிக் என்ற நஞ்சும் இருந்தால் கதை தலைகீழ், தண்ணீர் நிற்க நிற்க அது அரிசியில் ஏறும். இரண்டையும் சோதிக்காமல் மடையில் கை வைக்காதீர்கள். அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இடுவது காட்மியத்துக்கு நல்ல உதவி.

சூரியகாந்தி போட்டால் உறிஞ்சி எடுத்துவிடுமாமே?

கொஞ்சம் எடுக்கும், ஆனால் ரொம்ப வருஷம் பிடிக்கும், அப்புறம் அறுத்த செடியை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்? மாட்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கீரையை நன்றாகக் கழுவினால் போதுமா?

ஈயம் என்றால் பெரும்பாலும் இலைமேல் ஒட்டிய மண்தான், கழுவினால் நிறையப் போகும், கிழங்கு என்றால் தோலையும் சீவுங்கள். காட்மியம் இலைக்குள்ளேயே ஏறிவிடும், கழுவிப் பயனில்லை. அந்த மண்ணில் கீரையை விட்டுவிட்டுத் தக்காளி, பீன்ஸ் போடுங்கள்.